யோசேப்புக்கு ஒரு வசனம்கூட இல்லை: சபை நூலகத்துக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் எதை எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் சபையில் சின்னதாக ஒரு நூலகம் தொடங்குகிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கிறிஸ்தவக் கதை, நாடகம், வாழ்க்கை வரலாறு என்று தமிழில் எதை வாங்கலாம்? கடையில் கேட்டால் மொழிபெயர்ப்பைத்தான் எடுத்துத் தருகிறார்கள். இந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் ஏதாவது புதிதாகச் சொல்லுங்கள்."

இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன், வருஷம் தவறாமல் நாடகமும் போடுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "மொழிபெயர்ப்புதான் கிடைக்கிறது" என்ற மனக்குறையை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமே 1578இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம். அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1586இல், அதைத் தந்த போர்ச்சுகீசியக் குரு அண்டிரிக் அடிகளாரே முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக அடியார் வரலாறு என்று புனிதர்களின் கதைகளை அறுநூறு பக்கத்துக்கு மேல் அச்சிட்டுக் கொடுத்தார். கடலில் முத்தெடுத்துவிட்டு வருகிறவன் வீட்டில் உட்கார்ந்து கதை கேட்பதற்கென்று அவ்வளவு பெரிய புத்தகம். நம்மிடம் சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்துத் தூசி தட்டத்தான் ஆள் இல்லை.

சரி, கிறிஸ்துமஸ் நாடகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் சபையிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மரியாளாக வருகிற பிள்ளைக்குப் பாட்டு உண்டு, காபிரியேலுக்கு நீளமான வசனம் உண்டு, ஏரோதுக்குக் கத்துவதற்கு நிறைய உண்டு, மேய்ப்பர்களுக்குக்கூட ஆளுக்கு ஒரு வரி கிடைத்துவிடும். யோசேப்பு மட்டும் பஞ்சுத் தாடியைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கம்போடு, கடைசிவரை ஓரமாக நிற்பான். எழுதினவரைக் குறை சொல்ல முடியாது. சுவிசேஷங்கள் நான்கையும் புரட்டிப் பாருங்கள், யோசேப்பு வாயைத் திறந்து பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சொப்பனம் காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பேசாத மனிதரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத்தான் வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை முடித்தார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாட்டு. இத்தாலியில் பிறந்து முப்பது வயதை ஒட்டி இங்கே வந்த ஒருவர், வேதத்தில் ஒரு வரி பேசாத தச்சருக்குக் கம்பன் நடையில் காப்பியம் கட்டியிருக்கிறார் என்றால், அதில் என்ன கண்டார் என்று யோசித்துப் பாருங்கள். யோசேப்பு என்ற எபிரெயப் பெயருக்குக் கூட்டித் தருவது, பெருகச் செய்வது என்று பொருள் வருகிறது. அதை எடுத்து "வளன்" என்று பெயர் வைத்தார். யோவான் ஸ்நானகன் அதில் "கருணையன்". அந்தக் கருணையன் காட்டில் தன் தாய் எலிசபெத்தை இழந்து அழுகிற பாட்டுகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வந்திருக்கின்றன. உங்கள் வாலிபப் பிள்ளைகளில் பாதிப் பேர் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்திருப்பார்கள், அது நம் வீட்டுச் சொத்து என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் தேம்பாவணியை முழுசாக வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது. எகிப்துக்குப் போகிற பகுதியில் ஐந்தாறு பாட்டை எடுத்து, ஒரு தமிழாசிரியரை உட்கார வைத்துப் பொருள் கேட்டு, யோசேப்புக்கு வசனமாக எழுதுங்கள். இராத்திரியோடு இராத்திரியாகக் கைக்குழந்தையையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஊரைவிட்டு, பாஷை தெரியாத தேசத்துக்குப் போகிற ஒரு தகப்பன். அவனுக்குப் பேச எவ்வளவோ இருக்கும். எங்கள் ஆலயத்தில் ஒரு வருஷம் இதைச் செய்தோம். யோசேப்பாக நடித்த பையனின் அப்பா வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தார். அந்தப் பையன் "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்ற ஒரு வரியைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம், நாடகத்துக்குப் புதிதாக வேண்டும் என்றீர்களே. இருநூறு வருஷத்துக்கு முந்தியது ஒன்று இருக்கிறது, இன்றைக்குப் போட்டாலும் புதிதாகத்தான் இருக்கும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி. 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவயதிலேயே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டு, பிற்பாடு அரசரான இரண்டாம் சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். சுவிசேஷக் கவிராயர் என்று பெயர். அந்தக் காலத்தில் கோயில்களிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட குறவஞ்சியின் அச்சு மாறாமல் இதைச் செய்திருக்கிறார். தலைவன் பவனி வருகிறான், தலைவி கண்டு மயங்குகிறாள், குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் கைரேகை பார்க்கிறாள், குறவன் பறவை பிடிக்கிறான். எல்லாம் அப்படியே உண்டு. பவனி வருகிறவர் இயேசு, காத்திருக்கிற தலைவி சபை, குறி சொல்ல வருகிற குறத்தி விசுவாசம், குறவன் விரிக்கிற வலையில் விழுவது ஆத்துமாக்கள். முழுவதும் போட்டால் மணிக்கணக்கில் போகும், வேண்டாம். குறத்தி வரும் இடத்தை மட்டும் எடுங்கள், பதினைந்து நிமிஷம். கூடையும் மாத்திரைக்கோலும் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ஆலய நடுப்பாதையில் பாடிக்கொண்டே வரட்டும். மேடையிலிருந்து வரக்கூடாது, வாசலிலிருந்து வரவேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. இசைக்கு ஒரு ஆர்மோனியமும் மிருதங்கமோ தபேலாவோ போதும், கீபோர்டு வேண்டாம். "கோயிலுக்குள் குறத்தியா?" என்று பெரியவர்கள் யாராவது கேட்டால், இது சாஸ்திரியார் எழுதியது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பாடுகிற கீர்த்தனைகளில் பலவும் அவர் எழுதியவைதான் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் ஞானநொண்டி நாடகம், ஞானத்தச்ச நாடகம் என்றும் எழுதியிருக்கிறார், தேடிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு எல்லாமே வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையை மோட்சப் பிரயாணம் என்ற பெயரில் நம் பாட்டி தாத்தா தலைமுறை வேதத்துக்கு அடுத்தபடியாக வைத்துப் படித்தது. முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு வீட்டைவிட்டு ஓடுகிற ஒருவனின் கதை. அதையே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகமாக ஆக்கினார். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் எடுத்தவர். கம்பராமாயணம் அவருக்குள் ஊறிப்போய்க் கிடந்தது. நற்போதகம் பத்திரிகையில் வருஷக்கணக்காகத் தொடராக எழுதி 1894இல் புத்தகமாக வந்தது, 3766 பாட்டு. பனியனில் இல்லாத ஒன்றை அவர் நடுவே கொண்டுவந்து வைத்தார்: இயேசுவின் பாடுகளும் சிலுவையும் விரிவாக, தனியாக. ஆணி அடிக்கிறவர்களுக்காக இயேசு மன்னிப்புக் கேட்கிற பாட்டை வாய்விட்டு ஒருமுறை படித்தால் போதும், ஏன் கிருஷ்ண பிள்ளையைக் கிறிஸ்தவக் கம்பர் என்கிறார்கள் என்று தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிநேர ஆராதனையில் அந்தப் பகுதியை யாராவது நல்ல குரலில் படித்தால், பிரசங்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் புத்தகமாகக் கொடுப்பதைவிட நடிக்க விடுங்கள். நாங்கள் முதல் தடவை போட்டபோது மூட்டைக்குள் தலையணையைத் திணித்திருந்தோம். பையன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு ஓடினான், பாவச்சுமை மாதிரியே இல்லை. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து போய், ஆலயத் தோட்டத்திலிருந்து உரிக்காத தேங்காய் எட்டைக் கொண்டுவந்து சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். அவ்வளவுதான், நடை மாறிவிட்டது, மூச்சு மாறிவிட்டது, வசனமே வேறு மாதிரி வந்தது. நாடகத்தன்று சிலுவைக்கு முன்னால் கயிற்றை அவிழ்த்தபோது சாக்கு விழுந்து, தேங்காய்கள் கடகடவென்று உருண்டு முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள்வரை போயின. பையன் நிமிர்ந்து நின்று தோளைத் தடவிக்கொண்டான். அது நாங்கள் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவனுக்கு வலித்தது. பின்னால் இருந்து ஒரு பெரியவர் "ஸ்தோத்திரம்" என்றார். நான் பத்து வாரம் நடத்திய பாடம் அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆகவே நாடகப் புத்தகம் வாங்கும்போது பின்பக்கத்தில் என்ன நீதி அச்சிட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள். பிள்ளைகள் கையால் தூக்க, இழுக்க, சுமக்க, உடைக்க அதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் வரிசையாக நின்று ஆளுக்கொரு வசனம் ஒப்பிக்கிற நாடகத்தைத் தயவுசெய்து இனி போடவேண்டாம்.

கத்தோலிக்கர் பக்கத்தில் நாடகச் செல்வம் நம்மைவிட அதிகம், வெட்கப்படாமல் கேட்டு வாங்கலாம். தவக்காலத்திலும் ஈஸ்டரை ஒட்டியும் பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளின் நாடகம், போடுகிற ஊர்கள் திருச்சி, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கம் நிறைய உண்டு. இடைக்காட்டூர் மாதிரி ஊரில் ஒருமுறை போய் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஊர்க்காரர்களேதான் நடிகர்கள். ஈழத்தில் இன்னும் ஆழமாக இருக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் அண்ணாவியார் என்கிற கூத்து வாத்தியார் பழக்கி விடிய விடிய ஆடுகிற கூத்துகளில் மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் எல்லாம் உண்டு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் சிலவற்றைப் பதிப்பித்தார். மரியசேவியர் அடிகளார் 1965இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர் நடந்த வருஷங்களிலும் திருப்பாடுகளின் நாடகத்தை விடவில்லை. குண்டு விழுகிற ஊரில் சிலுவைக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும்!

ஞானசவுந்தரியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கை வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படுகிற இளவரசி, அவளை மணக்கிற பிலேந்திரன், மாறிப்போகிற கடிதங்கள், கடைசியில் தேவமாதா அருளால் கை திரும்பக் கிடைப்பது. இது ஐரோப்பாவிலிருந்து வந்த பழங்கதைதான், ஆனால் நாடக மேடை ஏறி, 1948இல் படமாகவும் வந்து, மதம் பார்க்காமல் ஊரே அழுத கதை. "அருள் தாரும் தேவமாதாவே" பாட்டைக் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பாட்டிகள் பாடிக் கேட்டிருக்கிறேன். எங்கள் சபையில் மாதாவிடம் வேண்டுகிற காட்சி ஒத்துவராதே என்பீர்கள். நாடகமாகப் போட வேண்டாம், கதையாக நூலகத்தில் இருக்கட்டும். அதேபோல் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை ஐயப்ப பக்தர், அவர் கம்பெனி போட்ட ஏசுநாதர் நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. கண்ணதாசன் தன் கடைசிக் காலத்தில் இயேசு காவியம் எழுதினார். அது எளிமையான தமிழ், வயதானவர்களுக்கு வாசித்துக் காட்ட இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது, இரண்டு பிரதி வாங்குங்கள்.

வாழ்க்கை வரலாறு என்று வந்தால் நம் ஆட்கள் உடனே வெளிநாட்டு மிஷனரிகளின் வரிசையை எடுத்து அடுக்குவார்கள். அவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் செய்தது சின்ன வேலை இல்லை. ஆனால் முதல் புத்தகமாகத் தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றை வையுங்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம் பார்த்தவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவுக்குப் படைத்தலைவரான டிலனாய் என்ற டச்சுப்படை அதிகாரி இவருக்கு நண்பர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749இல் பிடித்து, எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்து, கடைசியில் 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமாபுரியில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவானவர் இல்லை, துறவி இல்லை, மனைவி உள்ள சாதாரணக் குடும்பஸ்தர். பிள்ளைகள் இவரை அப்பா மாமா மாதிரி நினைத்துப் பார்க்க முடியும்.

இந்தக் கதையை மட்டும் புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள், ஒரு வேன் பிடியுங்கள். நட்டாலம், புலியூர்க்குறிச்சி, காற்றாடிமலை, அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயம், எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. அதற்குள் கூரை போன ஒரு சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது, கல்லில் தமிழும் லத்தீனும் வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்தத் தமிழ் எழுத்துகளை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படிக்க அரை மணிநேரம் எடுத்துக்கொண்டாள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், நான் அவளைக் கூப்பிடவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சித்திரவதையை விவரிக்காதீர்கள். டிலனாயும் அவரும் உட்கார்ந்து யோபுவைப் பற்றிப் பேசுகிற இடமே அவர்களுக்குப் போதும்.

இனி பெரியவர்களுக்கான நாவல்கள். முதல் தமிழ் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், ஆனால் அது கிறிஸ்தவ நாவல் அல்ல, ரசித்துப் படிக்க வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவ வீட்டுக்குள் நடக்கிற நாவல் என்றால் என் முதல் கை ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு பக்கம்தான் போகும். 1964இல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளைக் கிராமம், ஒருகாலத்தில் வாழ்ந்து நொடிந்துபோன வீடு, பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டோடு அடைக்கப்படுகிற லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். அவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், ஜெபிக்கிறார்கள், அதே வாயால் பனையேறி வீட்டுப் பையனா என்று கேட்கிறார்கள். எழுதினவர் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் வக்காலத்தும் வாங்கவில்லை. பதினாலு வயதுக்கு மேல் உள்ள எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் கொடுங்கள், அவர்கள் அம்மாக்களுக்கும்.

பாமாவின் கருக்கு (1992) விஷயத்தில் உங்கள் கமிட்டியில் சத்தம் வரலாம். தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே கண்டதைத் தாங்க முடியாமல் வெளியே வந்தவர் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதிய தன்கதை. திருச்சபைக்குள் சாதி இருந்தது என்று சொல்லுகிற புத்தகத்தைத் திருச்சபை நூலகத்தில் வைப்பதா என்று கேட்பார்கள். வையுங்கள். சங்கீதங்களில் பாதி முறையீடுதானே, அதை நாம் ஆலயத்தில் வாசிக்கவில்லையா? நம் பிள்ளைகளில் ஒருவர் இதே வலியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம், அவருக்கு அந்தப் புத்தகம் நம் அலமாரியிலேயே கிடைக்கட்டும். இமையத்தின் கோவேறு கழுதைகளில் வருகிற ஆரோக்கியம், ஜோ டி குரூஸின் ஆழிசூழ் உலகில் வருகிற காகு சாமியார், இவர்களும் நம் மக்கள்தான். இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு, ஆறேழு வயதுக்கு, படம் போட்ட வேதக்கதைப் புத்தகம் நான்கைந்து இருந்தால் போதும். தாளையும் படத்தையும்விட அதில் உள்ள தமிழைப் பாருங்கள், வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தடுக்கினால் வாங்காதீர்கள். கூடவே வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. அதில் வேதபாடம் ஒன்றும் இல்லை, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீஷர்களும் ஒரு அப்பாவி குருவும் ஆற்றைக் கடக்கப் பயப்படுகிற கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆலய அலமாரியில் சிரிப்பதற்கும் ஒரு புத்தகம் உண்டு என்று தெரிந்தால், அடுத்த வாரம் அவர்களே வருவார்கள்.

காசு விஷயம். வேதநாயக சாஸ்திரியார், கிருஷ்ண பிள்ளை போன்றவர்களின் படைப்புகளுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை, ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் தாண்டினால் நம் நாட்டுச் சட்டப்படி அது பொதுச்சொத்து, நீங்களே அச்சிட்டுக்கூடக் கொடுக்கலாம். ஆகவே கையில் உள்ள பணத்தைப் புத்தம் வீடு, கருக்கு, இயேசு காவியம், தேவசகாயம் வரலாறு இவற்றுக்குச் செலவழியுங்கள். இரவல் நோட்டை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுங்கள். பெரியவர்கள் கையில் கொடுத்தால் புத்தகம் அழுக்காகும் என்று பூட்டிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய நாடகக் கொட்டகைக் காலத்து ஆட்கள், உபதேசியார் குடும்பங்கள், கத்தோலிக்கத் தெருவில் பாஸ்காவுக்கு வாத்தியாராக இருந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கையால் எழுதிய நாடக நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நான் போன ஒரு வீட்டில் மூன்று நோட்டு இருந்தது, இரண்டைச் செல் அரித்துவிட்டது, மூன்றாவதில் நடுவில் நாற்பது பக்கம் தப்பியிருந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி, பென்சில் எழுத்துக்கு அப்போதுதான் தெளிவு வரும். கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.